மெல்ல வேகட்டும், ஆனால் முதலில் கொதிக்கட்டும்!

பினாங்கு ரோட்டை ஒட்டிய லெபோ கெங் குவீ சந்தில் வெயில் நேரத்தில் செண்டோல் குடிக்காதவர்கள் நம்மில் குறைவு. பச்சை நிறச் செண்டோல் இழைகள், தேங்காய்ப்பால், குலா மெலாக்கா, ஐஸ் ஆகியவற்றோடு கிண்ணத்தின் அடியில் பெரிய சிவப்பு அவரை விதைகளும் கிடக்கும். அவற்றை நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினாலே போதும், மாவாகக் கரைந்துவிடும்.

அதே விதை வேகாத நிலையில் நான்கைந்து வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. விதை கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை, பூச்சிமருந்தும் வேண்டியதில்லை. அந்த நஞ்சைச் செடியே தயாரித்து விதைக்குள் வைத்திருக்கிறது.

செண்டோல் அவரைக்கு நெருங்கிய சொந்தம், காலைச் சிற்றுண்டித் தட்டில் முட்டைக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் வரும் பேக்ட் பீன்ஸ். டின்னில் வருவதை நாம் அப்படியே சூடாக்கிச் சாப்பிடுகிறோம். இப்போது பல வீடுகளில் ஸ்லோ குக்கர் இருப்பதால், அதையே வீட்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைத்துச் செய்து பார்க்கும் ஆசை பலருக்கும் வருகிறது. நல்ல ஆசைதான். சுவையும் டின்னில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் ஸ்லோ குக்கரும் அவரையும் சேரும் இடத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது என்ன, எப்படித் தவிர்ப்பது என்பதை, மாணவர்களே, இந்த வாரம் பானைக்குள் எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

சனிக்கிழமை ஏற்றிய பானை

கடலை, உளுந்து, பயறு போன்றவை ஆசியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைகின்றன. ஆனால் சிவப்பு அவரையும் பேக்ட் பீன்ஸுக்கான சிறிய வெள்ளை அவரையும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் தாவரவியல் பெயர் ஒன்றுதான்: பேசியோலஸ் வல்காரிஸ். மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் பழங்குடி மக்கள் பயிரிட்டு வந்த இந்த விதை, 1492இல் கொலம்பஸ் அங்கு சென்ற பிறகே உலகின் மற்ற பகுதிகளுக்குப் பரவியது. நம் கச்சாங் பூத்தே வண்டியில் இருக்கும் கொண்டைக்கடலை வேறு குடும்பக் கிளையைச் சேர்ந்தது.

பேக்ட் பீன்ஸுக்குப் பெயர்பெற்ற ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். அங்குக் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் சமைக்க மாட்டார்கள். அதனால் சனிக்கிழமையே மண்பானையில் அவரை, உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு, கரும்புக் கழிவுப்பாகு ஆகியவற்றைப் போட்டு அடுப்பின் தணலில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் மெல்ல வெந்து மறுநாள் சூடாக இருக்கும்.

கழிவுப்பாகு என்றதும் நாம் சற்று நிற்க வேண்டும். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சீனியைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கறுத்த, கெட்டியான, இலேசாகக் கசக்கும் பாகு அது. பாஸ்டனுக்கு அது கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். நம் மாநிலத்துக்கும் கரும்புக் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில், புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று அன்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில் பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் காலிடோனியா போன்ற தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தபோதுதான் அந்தக் கரும்பு மறைந்தது. ஒரு கரண்டி பாகுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை என்பது வரலாற்றுப் பாடம் மட்டுமல்ல, சமையலறைப் பாடமும்தான்.

கல்லாக இருக்கும் விதை

காய்ந்த அவரை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? அதன் எடையில் நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் மாவுச்சத்து, புரதம், நார்ச்சத்து, தாது உப்புகள். முளைக்கும் நாள் வரும்வரை உள்ளே இருக்கும் சிறு செடி உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வறட்சியும் கெட்டியான தோலும்.

ஒரு விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்வளைவில் ஒரு சிறு தழும்பு தெரியும். காய்க்குள் இருந்தபோது அது செடியோடு ஒட்டியிருந்த இடம். நம் தொப்புளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அருகில் ஊசித்துளை போன்ற ஒரு நுண்துளையும் உண்டு. ஊறப்போட்டதும் தண்ணீர் பெரும்பாலும் இந்தப் பகுதி வழியாகவே உள்ளே நுழைகிறது. அதனால்தான் சற்று நேரத்தில் தோல் சுருங்கிச் சுருக்கமாகி, பிறகு உள்ளே பருப்பு பருத்ததும் மறுபடி வழவழப்பாகிறது.

100 கிராம் விதையை இரவில் ஊறவைத்துக் காலையில் எடை பாருங்கள். ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் சமையலறை மேசையில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். ஆகவே பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

சில விதைகள் எவ்வளவு வெந்தாலும் மெதுவாவதில்லை என்று அம்மா குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் பழைய சரக்கு. 30 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த அவரைக்கு வேகாத குணம் வந்துவிடும். பினாங்கின் வானிலை அதற்கு ஏற்றதுதான். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் வைப்பதே வழி.

செல்களுக்கு இடையில் சிமெண்டு

அவரையைக் கொதிக்கவைக்கும்போது மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. கஞ்சி கெட்டியாவதும் இதனால்தான். இரண்டாவது, புரத மூலக்கூறுகள் தம் வடிவத்தை இழக்கின்றன. முட்டை வெந்து வெள்ளையாவதைப் போன்ற மாற்றம் இது. மூன்றாவதுதான் விதையை மெதுவாக்குகிறது. தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பொருளின் பெயர் பெக்டின். செங்கற்களுக்கு இடையில் பூசிய சிமெண்டைப் போன்றது அது. கால்சியம் அயனிகள் பெக்டின் இழைகளை இறுக்கிப் பிணைத்து வைக்கின்றன. சூடு ஏற ஏற இந்தப் பிணைப்பு தளர்ந்து பெக்டின் நீரில் கரைகிறது. செல்கள் பிரிகின்றன. விரலால் அழுத்தினால் விதை நசுங்குகிறது.

இது புரிந்தால் சமையலறையின் பல பழக்கங்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

புளி, தக்காளி போன்ற புளிப்புப் பொருளைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் விதை வேகத் தாமதமாகும். அமிலத்தில் பெக்டின் எளிதில் கரையாது. சாம்பாரில் பருப்பும் காயும் வெந்த பிறகே புளி ஊற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இனிப்பும் தாமதப்படுத்தும். சீனி தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துவைத்துக்கொள்வதால், விதை பருப்பதும் பெக்டின் கரைவதும் மெதுவாகிறது. கழிவுப்பாகில் அமிலம், சீனி, கால்சியம் மூன்றும் உண்டு. அதனால்தான் பாஸ்டன் பானையில் அவரை இரவெல்லாம் இருந்தும் குழைந்து கூழாகாமல் முழு விதையாகவே நின்றது. கால்சியம் மிகுந்த கடின நீரிலும் இதே கதைதான்.

காரப் பொருள் இதற்கு நேர்மாறு. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் விதை வேகமாக வெந்துவிடும். ஆனால் பி1 என்னும் தயமின் வைட்டமின் காரத்தில் அழியும். அளவு கூடினால் சவர்க்காரச் சுவையும் வரும். உப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. உப்புப் போட்டால் வேகாது என்பார்கள். உண்மையில், உப்பு கலந்த நீரில் ஊறவைத்தால் சோடியம் அயனிகள் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மெதுவாகிறது. இரண்டாம் படிவத்தில் அமிலம், காரம் பற்றிப் படித்தது வெறும் லிட்மஸ் தாளுக்கு மட்டும் உரியதல்ல, பார்த்தீர்களா?

நான்கைந்து விதை செய்யும் வேலை

இப்போது நஞ்சுக்கு வருவோம். அதன் பெயர் பைட்டோஹீமக்ளூட்டினின். பயப்பட வேண்டாம், பிரித்துப் படித்தால் எளிது. பைட்டோ என்றால் தாவரம். ஹீம என்பது இரத்தத்தைக் குறிக்கும். மீதிப் பகுதிக்கு ஒட்டிக் கட்டியாக்குவது என்று பொருள். சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தாவரப் பொருள் என்பதே பெயரின் விளக்கம். இது லெக்டின் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. லெக்டின் புரதங்கள் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் குறிப்பிட்ட சர்க்கரை மூலக்கூறுகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும். வில்லியம் பாய்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1954இல், தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கினார்.

வேகாத விதையைத் தின்றால் இந்தப் புரதம் செரிக்காமல் சிறுகுடலை அடைந்து, அதன் உட்சுவர்ச் செல்களைப் பற்றிக்கொள்கிறது. உடல் அதை வெளியேற்றப் பார்க்கிறது. அதுவே வாந்தியும் வயிற்றுப்போக்கும். பெரும்பாலோர் தொல்லை தொடங்கிய மூன்று, நான்கு மணி நேரத்தில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மருத்துவமனை தேவைப்படுகிறது.

இது கட்டுக்கதையல்ல. 1976இல் பிரிட்டனில் விடுமுறைக்குச் சென்றிருந்த பள்ளி மாணவர் குழு ஒன்று, சிவப்பு அவரையை ஊறவைத்து வேகவைக்காமலே சாப்பிட்டது. சாப்பிட்ட ஒன்பது பேரும் நோயுற்றார்கள். அறிவியல் ஏட்டில் பதிவான முதல் நிகழ்வு அதுதான். 2006இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை அவரையைச் சட்டியில் மூன்று நிமிடம் வறுத்துப் பொடியாக்கிச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று காட்டியது. அதைப் பின்பற்றிய நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மூன்று நிமிட வறுவலில் வெளிப்புறம் மணத்ததே தவிர, உள்ளே இருந்த லெக்டின் அப்படியே இருந்தது.

சிவப்பு அவரையில்தான் இந்தப் புரதம் மிக அதிகம். வெள்ளைக் கிட்னி பீன்ஸில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சும்மா விட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. ஜப்பானில் நடந்ததே சாட்சி.

ஸ்லோ குக்கர் எங்கே தவறுகிறது?

இந்த நஞ்சை அளக்க ஓர் அலகு உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேட்டின்படி, வேகாத சிவப்பு அவரையில் அது 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். நன்றாக வெந்த பிறகு 200 முதல் 400 அலகு மட்டுமே. நூறு பங்கு குறைந்துவிடுகிறது.

ஏன் குறைகிறது? புரதம் வேலை செய்வது அதன் மடிப்பால்தான். சாவியின் பல் வளைந்துவிட்டால் பூட்டில் நுழையாது. அதுபோல, கொதிநிலை வெப்பத்தில் லெக்டின் புரதத்தின் மடிப்புக் குலைந்து, குடல் செல்லைப் பற்றும் ஆற்றல் போய்விடுகிறது. ஆனால் இந்தப் புரதம் பிடிவாதமானது. 100 பாகையில் பத்து நிமிடத்தில் அடங்குவது, அதைவிடக் குறைந்த சூட்டில் அவ்வளவு எளிதில் அடங்காது. இன்னும் கேளுங்கள். 80 பாகை வரை மட்டும் சூடாக்கிய அவரையில் நஞ்சின் வீரியம் பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது.

ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் வைத்த அவரைக் குழம்பின் உட்புற வெப்பநிலையைச் சிலர் அளந்து பார்த்தபோது, 75 பாகையைக்கூடத் தாண்டாத நேர்வுகள் இருந்தன. விதை மெதுவாகிவிடும். மணம் வரும். ஓரத்தில் குமிழியும் தெரியலாம். பார்வைக்கு வெந்ததுபோல இருக்கும். மெதுவாவது பெக்டின் கரைவதால். நஞ்சு போவது புரதம் குலைவதால். இரண்டும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு வெப்பநிலைகள். ஆகவே மெதுவாகிவிட்டதா என்று நசுக்கிப் பார்ப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

தீர்வு மிகவும் எளிது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் தளதளவென்று முப்பது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து நிமிடமே போதும் என்று ஆய்வுகள் காட்டினாலும், பானை முழுவதும், ஒவ்வொரு விதையின் நடுப்பகுதியும் கொதிநிலையை எட்டுவதற்காக முப்பது நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள்.

பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 பாகையை நெருங்கியே கொதிக்கும். அங்கே இந்தப் பயம் இல்லை. டின்னில் அடைத்த பீன்ஸும் மூடிய டின்னோடு சேர்த்து அதே அளவு சூட்டில் வேகவைக்கப்பட்டது. திறந்து அப்படியே சாப்பிடலாம். எதிர்ப்பக்கம் யோசியுங்கள். சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள பினாங்கு கொடிமலை உச்சியில் திறந்த பானையில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்? ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை குறையும் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நஞ்சு தந்த நன்மை

இதே பைட்டோஹீமக்ளூட்டினின் மருத்துவத்துக்குப் பெரிய உதவியும் செய்திருக்கிறது. இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1960இல் பீட்டர் நோவெல் என்னும் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஒரு விந்தையைக் கவனித்தார். இந்தப் பொருள் பட்ட வெள்ளணுக்கள் உறக்கம் கலைந்து பிளவுபடத் தொடங்கின. செல் பிளவுபடும்போதுதான் குரோமோசோம்களைத் தெளிவாகப் பார்க்க முடியும். அதன் பிறகு ஒரு துளி இரத்தம் எடுத்து, அவரைச்சத்தைச் சேர்த்து, மனிதரின் 46 குரோமோசோம்களையும் எண்ணிப் பார்ப்பது எளிதாயிற்று. நம் உயிரியல் பாடநூலில் வரிசையாக அடுக்கிய குரோமோசோம் படம் இருக்கிறதே, அத்தகைய படங்களுக்குப் பின்னால் இந்த அவரைக்கும் பங்கு உண்டு.

பேக்கன் எதற்கு? அது இல்லாமல் முடியாதா?

மேல்நாட்டுச் செய்முறைகளில் பேக்கன் என்னும் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியைச் சேர்ப்பார்கள். நம் வகுப்பில் அதைச் சாப்பிடுபவர்களும் உண்டு, சாப்பிடாதவர்களும் உண்டு. அறிவியல் கண்ணோடு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அது பானைக்குள் என்ன வேலை செய்கிறது?

நான்கு வேலைகள். உப்புத் தருகிறது. கொழுப்புத் தருகிறது, கொழுப்பில் மணப்பொருள்கள் கரைந்து பரவும். புகை மணம் தருகிறது. குளூட்டமேட் என்னும் சுவைப்பொருளால் நாக்கில் நிற்கும் ஆழ்ந்த சுவையைத் தருகிறது. இந்த நான்கையும் வேறு வழிகளில் கொண்டுவரலாம். எண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், காய்ந்த காளான் ஊறிய நீர், ஒரு கரண்டி சோயா சாறு, புகையூட்டிய மிளகாய்த்தூள் ஆகியவை போதும். சைவம் அல்லாதவர்கள் வறுத்த நெத்திலிப் பொடி சேர்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது இறைச்சிக்குப் பங்கீடு வந்ததால், பிரிட்டனில் ஹெய்ன்ஸ் நிறுவனம் தன் டின்னில் போட்டுவந்த பன்றி இறைச்சித் துண்டை நீக்கிவிட்டது. அதன் பிறகும் மக்கள் அதை விரும்பியே சாப்பிட்டார்கள்.

பேக்கன், சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியில் நைட்ரைட் உப்பு சேர்ப்பது வழக்கம். அது கொடிய பொட்டுலிச நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுக்கிறது, இளஞ்சிவப்பு நிறத்தையும் காக்கிறது. ஆனால் உடலிலும் அதிக சூட்டிலும் அதிலிருந்து புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்கள் உருவாகலாம். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. கோழியிலோ மாட்டிறைச்சியிலோ செய்த பேக்கனும் பதப்படுத்தியதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் செய்தியைப் படிக்கும் முறையும் ஒரு பாடம். முதல் பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் புகையிலை கொல்லும் அளவுக்குப் பேக்கன் கொல்வதில்லை. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்பது கணக்கு. நூற்றில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் நூற்றில் ஆறு பேருக்கு வருவது போன்ற கூடுதல் அது. நூற்றில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்பதல்ல.

வீட்டில் செய்து பார்க்க

பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு வேளைக்கு வரும்.

சிறிய வெள்ளை அவரை 500 கிராமை உப்பு கலந்த நீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் நீரைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீரில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் வரை வேகவிடுங்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். இதுவரை புளிப்பும் இனிப்பும் சேர்க்கக் கூடாது.

வேறொரு சட்டியில் இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். தக்காளி விழுது மூன்று மேசைக்கரண்டி, சீவிய குலா மெலாக்கா 80 கிராம், கடுகுத்தூள் ஒரு தேக்கரண்டி, சோயா சாறு ஒரு மேசைக்கரண்டி, புகையூட்டிய மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, தேவையான உப்பு சேர்த்துக் கிளறி, வெந்த அவரையோடும் அது மூழ்கும் அளவு நீரோடும் கலந்து ஒரு கொதி வரவிடுங்கள். பிறகு கனமான மூடிப் பாத்திரத்தில் 150 பாகை ஓவனில் மூன்று மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் ஸ்லோ குக்கரில் ஐந்தாறு மணி நேரம் வைக்கலாம். இடையில் வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள்.

ஓவன் 150 பாகையில் இருந்தாலும் சாறு இருக்கும்வரை பானையின் உள்ளே 100 பாகையைத் தாண்டாது. மேற்பரப்பு மட்டும் காய்ந்து அதற்கு மேலே சூடேறும். அங்கே அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் உருவாகின்றன. 1912இல் லூயி கமீல் மெய்யார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய வினை இது. தோசையின் முறுகலும் அதே வினைதான். கடைசி அரை மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் நிறம் கூடும்.

மீந்ததை அப்படியே அடுப்பில் விட்டுவிடாதீர்கள். ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொதியைத் தாங்கிப் பிழைக்கும் பாக்டீரியா வித்துகள் உண்டு. நம் ஊரின் 30 பாகைச் சூடு அவை பெருகுவதற்கு மிகவும் வசதி.

சாப்பிட்ட பிறகு வயிற்றில் வாயு சேரும் என்று கேலி பேசுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. அவரையில் உள்ள ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளைப் பிளக்கும் நொதி மனிதரின் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு விருந்தாகின்றன. ஹைட்ரஜன், கரியமிலவாயு, சிலருக்கு மீத்தேன் வெளிவருகிறது. ஊறிய நீரைக் கொட்டினால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

உங்கள் சோதனை

மூன்று சிறு பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்து ஊறவைத்த 50 கிராம் கொண்டைக்கடலை, அரை லிட்டர் தண்ணீர். முதலாவதில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் இரண்டு மேசைக்கரண்டி புளிக்கரைசல். மூன்றாவதில் கால் தேக்கரண்டி சமையல் சோடா. ஒரே அளவு தீயில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விதைகளை எடுத்து ஆறவைத்து அழுத்திப் பாருங்கள். எத்தனை நசுங்கின என்று குறித்து, நேரத்தைக் கிடைமட்ட அச்சில் வைத்து வரைபடம் போடுங்கள். எது மாறும் காரணி, எது மாறாமல் வைக்க வேண்டிய காரணி என்று எழுதுங்கள்.

வரைபடத்தை வகுப்புக்குக் கொண்டுவருமுன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஸ்லோ குக்கர் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டுங்கள்: 'அவரை என்றால் முதலில் அடுப்பில் முப்பது நிமிடம்.' இந்தக் கட்டுரையைப் படிக்காத ஒருவர் நாளை அந்தக் குக்கரைத் திறக்கக்கூடும்.